வாடைக்காற்றில் வந்த பள்ளிவாசல், அடிமைச் சந்தையில் எழுந்த தேவாலயம்

மலிண்டியில்தான் எனக்கு இந்தக் கரை பிடிபட ஆரம்பித்தது. கென்யாவில் இந்துமாக்கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பழைய துறைமுக ஊர் அது. கடலோரத்திலேயே ஜும்ஆ பள்ளிவாசல், அதை ஒட்டிப் பவளக்கல்லால் கட்டிய பழைய தூண் கல்லறைகள். அங்கிருந்து கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் வெள்ளைச் சுவரும் ஓலைக் கூரையுமாக, நம் ஊர்க் குருசடி அளவே இருக்கும் ஒரு சிற்றாலயம். போர்ச்சுக்கீசியர் கட்டியது. 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தியாவுக்குப் போகும் வழியில் மலிண்டியில் இறங்கி, கப்பலில் இறந்த ஒருவரை இங்கே அடக்கம் செய்தார். அதே ஆண்டு கடைசியில் தூத்துக்குடி, மணப்பாடு என்று முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தவரும் அவர்தான், நம்மூர்க்காரர்கள் சவேரியார் என்று கூப்பிடுகிறவர்.

அவர் எழுதிய கடிதம் ஒன்றில் மலிண்டி பற்றி ஒரு பகுதி உண்டு. ஊரின் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அவரிடம் வந்து, உங்கள் நாட்டில் சனங்கள் கோவிலுக்கு ஒழுங்காகப் போகிறார்களா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் 17 பள்ளிவாசல் இருக்கிறது, ஆனால் மூன்றில்தான் ஆள் நடமாட்டம், பக்தி குறைந்து போயிற்று என்று வருத்தப்படுகிறார். எனக்கு அந்த இடத்தைப் படித்ததும் அந்தப் பெரியவரை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. எந்த ஊர்த் திண்ணையிலும் இன்று கேட்கக்கூடிய பேச்சு. ஆனால் கவனிக்க வேண்டியது அந்த 17. போர்ச்சுக்கீசியர் வந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அத்தனை பள்ளிவாசல் இருந்திருக்கிறது.

ஆப்பிரிக்கா என்றால் நம்மில் பலருக்கு ஒரே நிறம்தான் மனதில் வரும், அங்கே யார் எந்த மதம், எப்படி வந்தது என்று பெரும்பாலும் யோசித்திருக்க மாட்டோம். நானும் போவதற்கு முன் அப்படித்தான் இருந்தேன். அதனால் இந்தக் கரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். சோமாலியாவின் தெற்கிலிருந்து கென்யா, தான்சானியா வழியாக மொசாம்பிக்கின் வடக்கு வரை நீளும் கடலோரமும் அதன் தீவுகளும் சேர்ந்ததுதான் சுவாஹிலிக் கரை. லாமு, மொம்பாசா, சான்சிபார், பாகமோயோ, கில்வா எல்லாம் இந்த வரிசையில் வரும் ஊர்கள். அரபியில் ‘ஸவாஹில்’ என்றால் கரைகள். கரைக்காரர்களின் மொழி சுவாஹிலி. பெயர் அரபி என்பதால் மொழியும் அரபி என்று நினைத்துவிடக் கூடாது, அதன் எலும்பும் இலக்கணமும் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலே நிறைய அரபிச் சொல் வந்து படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு அடிப்படை விஷயம். மேற்கு ஆப்பிரிக்காவில், உதாரணமாக கானாவிலும் நைஜீரியாவிலும், இஸ்லாம் சகாரா பாலைவனம் தாண்டி வடக்கிலிருந்து வந்தது, கிறிஸ்தவம் கடல்வழியாக வந்தது. அதனால் அங்கே பொதுவாகக் கரைப்பக்கம் கிறிஸ்தவர்கள் அதிகம், உள்நாட்டு வடக்கில் முஸ்லிம்கள் அதிகம். கிழக்கில் இது அப்படியே திரும்பிக் கிடக்கிறது. இங்கே கடலோரம் இஸ்லாமியக் கரை, கிறிஸ்தவத்தின் பெரும் கூட்டம் உள்நாட்டு மேட்டு நிலங்களில். ஒரு மதம் எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டால், அது வீட்டின் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும். நான் சொல்ல வந்ததே இதைத்தான், மீதி எல்லாம் அதற்கான விவரங்கள்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

நம் மீனவர்கள் வாடை என்று சொல்லும் வடகிழக்குப் பருவக்காற்றை அந்தக் கரையில் ‘கஸ்காசி’ என்கிறார்கள். எதிர்த்திசையில் தெற்கிலிருந்து வீசுவது ‘கூசி’. ஏறத்தாழ டிசம்பர் முதல் மார்ச் வரை கஸ்காசி அரேபியாவிலிருந்தும் மேற்கு இந்தியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வரும். திரும்ப வேண்டுமானால் கூசி கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும். அதாவது வந்த வணிகர் சாமானை இறக்கிவிட்டு மறுநாள் கிளம்ப முடியாது, மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்குகிற மனிதருக்குச் சாப்பாடு வேண்டும், வீடு வேண்டும், தொழ ஓர் இடம் வேண்டும். அங்கேயே கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் அம்மாவின் மொழி பேசி அப்பாவின் தொழுகையைக் கற்றார்கள். உள்ளூர் வணிகர்களும் கடலுக்கு அப்பால் இருக்கும் கூட்டாளிகளின் மார்க்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், நம்பிக்கையும் வியாபாரமும் ஒன்றையொன்று தாங்கின. படை எதுவும் வந்து இறங்கவில்லை.

காயல்பட்டினமும் கீழக்கரையும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. இன்னும் ஒரு நூல் இரண்டு கரைகளையும் சேர்க்கிறது. சுவாஹிலி முஸ்லிம்கள் ஷாஃபிஈ வழியை, அதாவது சுன்னி முஸ்லிம்களின் நான்கு சட்ட மரபுகளில் ஒன்றைப் பின்பற்றுகிறவர்கள். காயல்பட்டினத்து மரக்காயர்களும் இலங்கைச் சோனகர்களும் அதே ஷாஃபிஈ. இந்துமாக்கடலைச் சுற்றி யேமன், கிழக்கு ஆப்பிரிக்கா, மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, ஜாவா என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஷாஃபிஈ ஒரு மாலை போல வரும், அது கப்பல்கள் போன தடம். நம்மவர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று வைத்திருந்தது போலவே, அவர்களும் சுவாஹிலியை நூற்றாண்டுக் கணக்கில் அரபி எழுத்தில்தான் எழுதினார்கள்.

எவ்வளவு பழசு என்று கேட்டால், லாமு தீவுக் கூட்டத்தில் பாத்தே தீவில் ஷாங்கா என்னும் கைவிடப்பட்ட ஊரைத் தோண்டியபோது, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்ன மரப் பள்ளிவாசலின் தடம் கிடைத்தது. கம்பு நட்ட குழிகள்தான் மிச்சம். அதே இடத்திலேயே மறுபடி மறுபடி பெரிதாக்கிக் கட்டி, கடைசியில் கல் கட்டடம் வந்திருக்கிறது. சான்சிபாரின் கிசிம்காசியில் உள்ள பள்ளிவாசலின் கூஃபி எழுத்துக் கல்வெட்டு ஹிஜ்ரி 500 என்று சொல்கிறது, அதாவது 1107.

1331இல் மொராக்கோப் பயணி இப்னு பத்தூத்தா மொம்பாசாவுக்கும் கில்வாவுக்கும் வந்தார். மொம்பாசாவில் பள்ளிவாசல்கள் மரத்தால் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்ததையும், வாசலில் கிணறு இருந்ததையும், நீண்ட குச்சி கட்டிய மரக்குவளையால் தண்ணீர் மொண்டு காலைக் கழுவிய பிறகே உள்ளே போனதையும், அங்கே விரித்திருந்த தடித்த பாயில் காலைத் துடைத்துக்கொண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். லாமுவில் ஒரு பழைய பள்ளிவாசலின் வெளியே கால் கழுவும் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொட்டியிலிருந்து வாசற்படி வரை கல்லைக் கால் தேய்த்துத் தேய்த்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் அதே பள்ளத்தில் கால் வைத்துத்தான் உள்ளே ஓடினார்கள்.

கட்டடமும் இந்த ஊர் மண்ணிலிருந்தே வந்தது. சுவர் பவளக்கல், சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். கூரையைத் தாங்குவது ‘போரிட்டி’ என்கிற கண்டல் மரக் கழிகள். அலையாத்திக் காட்டில் வெட்டுகிற அந்தக் கழி ஓரளவுக்கு மேல் நீளம் தாங்காது, அதனால் பழைய சுவாஹிலி வீட்டின் அறை மூன்று மீட்டருக்குள் ஒடுங்கி, பக்கவாட்டில் மட்டும் நீண்டு போகும். பழைய பள்ளிவாசலுக்குள் வரிசையாகத் தூண் நிற்பதற்கும் இதே காரணம். அரேபியாவிலிருந்து கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர். அந்தக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும், இது இந்தக் கரையிலேயே முளைத்த இஸ்லாம் என்று தெரியும்.

முதல் தடவை கோட்டையோடு வந்தது

கிறிஸ்தவம் இங்கே இரண்டு தடவை வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம்தான்.

முதல் தடவை 1498இல் வாஸ்கோட காமாவின் கப்பலோடு. மொம்பாசாவில் வரவேற்பு சரியில்லை, மலிண்டி அரசர் நட்பு காட்டினார். அப்புறம் வந்த கப்பல்கள் கில்வாவையும் மொம்பாசாவையும் கொள்ளையடித்தன. 1593இல் மொம்பாசாவில் ஒரு கோட்டை எழும்பத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் இயேசு கோட்டை. பீரங்கி வைத்த கோட்டைக்கு இயேசுவின் பெயர்! அதன் மதில் அடியில் நின்றபோது, இந்தப் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்ந்த ஊர்க்காரருக்கு அந்தப் பெயர் என்னவாகக் கேட்டிருக்கும் என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

இந்தக் காலத்தின் கதையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் சொல்லிவிடலாம். மொம்பாசா சுல்தான் ஒருவர் 1614இல் போர்ச்சுக்கீசியரின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டார். அவருடைய சின்ன மகன் யூசுஃபைக் கோவாவுக்குக் கொண்டுபோய், ஞானஸ்நானம் கொடுத்து, ஜெரோனிமோ என்று பெயர் வைத்து, பாதிரிமார்களிடம் வளர்த்து, பெரியவனானதும் மொம்பாசா அரியணையில் உட்கார வைத்தார்கள். ஊர்மக்களுக்கு அவர் அந்நியர், கோட்டைக்காரர்களுக்கோ எடுபிடி. அவர் அப்பாவின் கல்லறைக்கு இரவில் போய் முஸ்லிம் முறையில் துஆ செய்கிறார் என்று கோட்டைத் தலைவனுக்குத் தகவல் போனதாகச் சொல்வார்கள். 1631 ஆகஸ்டில் யூசுஃப் தன் ஆட்களோடு கோட்டைக்குள் போய்த் தலைவனைக் குத்திக் கொன்றார், மறுபடி முஸ்லிம் ஆனதாக அறிவித்தார். மதம் மாற மறுத்த நூற்றுக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள், உள்ளூர் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களும் சேர்த்துத்தான், கொல்லப்பட்டார்கள். அவர்களைத் திருச்சபை மொம்பாசா மறைசாட்சிகள் என்று நினைவு வைத்திருக்கிறது. இந்தக் கதையில் யாருக்காக வருத்தப்படுவது என்று என்னால் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. அப்பாவைக் கொன்றவர்களே பெயர் மாற்றி வளர்த்த பிள்ளை ஒரு பக்கம், அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாமல் செத்துப்போன ஏழைக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம்.

1698இல் ஏறக்குறைய மூன்று வருட முற்றுகைக்குப் பிறகு ஓமானியர் கோட்டையைப் பிடித்தார்கள். போர்ச்சுக்கீசியர் தெற்கே மொசாம்பிக்குக்கு ஒதுங்கினார்கள். அவர்கள் விட்டுப்போன மதம் கரையில் நிற்கவில்லை, சொற்கள் மட்டும் நின்றன. சுவாஹிலியில் கத்தோலிக்கக் குருவுக்கு ‘பாத்ரி’, மேசைக்கு ‘மேசா’. நம் பாதிரியும் மேசையும் அதே கப்பலில் வந்து இறங்கியவைதான். மொசாம்பிக் தீவில் போர்ச்சுக்கீசியர் 1898 வரை தலைநகர் வைத்து ஆண்டார்கள், 1522இல் கட்டிய சிற்றாலயம் ஒன்று இன்றும் கடல் முனையில் நிற்கிறது, ஆனால் தீவு மக்களில் பெரும்பாலோர் இன்றும் முஸ்லிம்கள்தான்.

அதே போர்ச்சுக்கீசியர், அதே சவேரியார், நம் முத்துக்குளித்துறையில் மட்டும் எப்படி வேரூன்றியது என்று கேள்வி வரும். பரதவர்கள் 1530களில் தங்கள் கடலையும் முத்துச் சலாபத்தையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகமாகவே போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினார்கள், மதமாற்றம் அதோடு சேர்ந்து வந்தது. மலிண்டியிலோ மொம்பாசாவிலோ அப்படித் தேடிப்போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கடலும் வியாபாரமும் மார்க்கமும் ஏற்கெனவே ஒன்றாகப் பின்னிப்போய் நூற்றாண்டுக் கணக்கில் ஆகிவிட்டிருந்தது.

இரண்டாம் தடவை, சொந்தம் இழந்தவர்களோடு

19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் செய்யித் சயீத் தன் தலைநகரையே மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றினார். கிராம்பு, தந்தம், அடிமைகள் என்று மூன்று சரக்கு. உள்நாட்டில் ஊர் ஊராகப் பிடித்த மனிதர்களைக் கரைவரை நடத்திக் கொண்டுவந்து சான்சிபார் சந்தையில் விற்றார்கள். பிரிட்டனின் நெருக்குதலில் சுல்தான் பர்கஷ் 1873 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சந்தையை மூடினார்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சந்தை இடத்தில் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1877 கிறிஸ்துமஸ் அன்று உள்ளே முதல் ஆராதனை. எட்வர்ட் ஸ்டீர் என்கிற பிஷப் முன்னின்று கட்டினார். பக்கத்து நிலத்தை ஓர் இந்திய இந்து வணிகர் கொடுத்ததாகவும், கோபுரத்துக் கடிகாரத்தைச் சுல்தானே அன்பளிப்பாகத் தந்ததாகவும் அங்கே சொல்வார்கள். அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் என்று வழிவழியாக நம்புகிறார்கள். பீடத்தின் முன் தரையில் வெள்ளைப் பளிங்கு வட்டம், சுற்றிலும் சிவப்பு. நான் போன நேரம் ஆளில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மா ஒருவர், அங்கே ‘மாமா’ என்றால் அம்மா, நானும் அப்படியே அழைத்தேன், அந்த வட்டத்தை மட்டும் துடைப்பம் படாமல் ஒதுக்கிவிட்டு, கடைசியில் குனிந்து கையால் ஒரு துணி போட்டுத் துடைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. வெளியே வந்தால் முற்றத்தில் ஒரு பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் கல் மனிதர்கள், அது 1998இல் வைத்த சிற்பம். நிமிர்ந்தால் பேராலயக் கூம்பும் பக்கத்துப் பள்ளிவாசல் மினாராவும் ஒரே பார்வையில்.

இங்கேதான் தொடக்கக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தக் காட்சியை வைத்து, அடிமை விற்றது முஸ்லிம்கள், மீட்டது கிறிஸ்தவர்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. சான்சிபார் வழியாகப் போன மனிதர்களை இந்துமாக்கடலின் பிரெஞ்சுத் தீவுத் தோட்டங்களும் வாங்கின, மொசாம்பிக்கிலிருந்து போர்ச்சுக்கீசியர் பிரேசில் வரை கொண்டுபோனார்கள், இந்திய வணிகர்களின் கடன் முதலும் இந்த வியாபாரத்தில் ஓடியது. எந்தக் கையும் சுத்தமில்லை. அதே சமயம், தீவின் ஆளும் வர்க்கம் இந்த வியாபாரத்தில் கொழுத்தது என்பதை மறைப்பதும் சரியில்லை, செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் அது.

அப்போது கரையின் முதல் நிலையான கிறிஸ்தவர்கள் யார்? பெரும்பாலும் மீட்கப்பட்ட அடிமைகள். பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 1868இல் பாகமோயோவில் மிஷன் தொடங்கி அவர்களுக்கு ஊர் அமைத்தார்கள். மொம்பாசாவில் 1870களின் நடுவில் ஃப்ரீர்டவுன் என்று ஒரு குடியிருப்பு வந்தது. பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் மீட்ட குழந்தைகள் சிலரை முன்பு பம்பாய்க்கும் அங்கிருந்து நாசிக்குக்கும் கொண்டுபோய்த் தச்சு வேலையும் இரும்பு வேலையும் படிப்பும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ‘பம்பாய் ஆப்பிரிக்கர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். அவர்கள் திரும்பி வந்து இந்தப் புது ஊரின் முதுகெலும்பானார்கள். அடிமை பிடிப்பவர்கள் வந்தால் எச்சரிக்க ஒரு மணி கட்டினார்கள். மணிக்கு சுவாஹிலியில் ‘கெங்கெலே’. அந்தச் சந்திப்புக்கு இன்றும் கெங்கெலேனி என்றுதான் பெயர், நெரிசலில் பேருந்து நடத்துனர்கள் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். கரையில் மதிப்பாக வாழ்வதற்குச் சொல் ‘ஊங்வானா’, குலமும் வீடும் உள்ள சுதந்திர மனிதத் தன்மை, அப்படிப்பட்டவர் என்றாலே முஸ்லிம் என்று பொருள். மறுபுறம் கிறிஸ்தவர் என்றால் குலம் தெரியாத, அம்மா பெயர் மறந்துபோன, ஊருக்கு வெளியே மிஷன் வளாகத்தில் வளர்ந்த பிள்ளை. இந்த வித்தியாசம் இறையியல் சம்பந்தப்பட்டதே இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் நிழல் பேச்சில் தட்டுப்படும்.

ஒரே சொல்லில் இரண்டு தொழுகை

மொம்பாசாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போயிருந்தேன். எனக்கு சுவாஹிலி அரைகுறைதான், இருந்தாலும் காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். விசுவாசத்துக்கு ‘இமானி’, காணிக்கைக்கு ‘சதாக்கா’, ஆசீர்வாதத்துக்கு ‘பராக்கா’, தீர்க்கதரிசிக்கு ‘நபி’, மனந்திரும்புதலுக்குத் ‘தோபா’. சிலுவைக்கே ‘ம்சலாபா’, அது அரபி ‘ஸலீப்’. தேவாலயத்துக்குக் ‘கனிசா’, அதுவும் அரபி. முஸ்லிம்கள் பல நூற்றாண்டாகப் புழங்கித் தேய்த்து வைத்த சொற்களில்தான் கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் கடவுளிடம் பேசுகிறார்கள். நம் ஊர் வேதாகமத் தமிழ் தேவன், வேதம், ஆலயம் என்று இங்கே ஏற்கெனவே இருந்த பக்திச் சொற்களை எடுத்துக்கொண்ட மாதிரி. கடவுளுக்கு மட்டும் இருவருக்கும் பொதுவாக ‘முங்கு’, அது அரபியே இல்லை, பழைய பாண்டுச் சொல். இரண்டு மதமும் வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் இருந்த பெயர். இயேசுவைக் கிறிஸ்தவர் ‘யேசு’ என்பார், முஸ்லிம் ‘ஈசா’ என்பார், அங்கே பிரிந்துவிடும்.

கிழமைகளைப் பாருங்கள், இன்னும் அழகு. சனிக்கிழமை ‘ஜுமாமோசி’, முதலாம் நாள். ஞாயிறு ‘ஜுமாப்பிலி’, இரண்டாம் நாள். அதாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எண்ணத் தொடங்குகிற வாரம். உள்நாட்டு மலையில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம்கூட ஞாயிறு கோவிலுக்குப் போகும்போது, வெள்ளிக்கிழமைத் தொழுகையிலிருந்து எண்ணிய இரண்டாம் நாளில்தான் போகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. சுவாஹிலியில் முதன்முதலாக வந்த குர்ஆன் மொழிபெயர்ப்பு 1923இல் வெளியானது, செய்தவர் காட்ஃப்ரே டேல் என்கிற ஆங்கிலிக்கன் பாதிரியார். முஸ்லிம்களோடு வாதம் செய்யத்தான் அவர் அதை மொழிபெயர்த்தார், அன்பினால் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதற்குப் பதில் கொடுக்கும் வேகத்தில் முஸ்லிம் அறிஞர்கள் தாங்களே குர்ஆனை சுவாஹிலியில் கொண்டுவர முனைந்தார்கள், வேத வசனம் சாதாரண சனத்தின் மொழிக்கு வந்து சேர்ந்தது.

பெண்கள் உடுத்தும் காங்காத் துணியிலும் இதையே பார்க்கலாம். காங்கா சோடியாக விற்கும், சுற்றிலும் கரை, நடுவில் பெரிய வடிவம், அதன் கீழ் ஒரு வரி எழுத்து. அந்த வரிக்காகவே துணி வாங்குவார்கள், கோபத்தையும் நன்றியையும் வாய் திறக்காமல் சொல்ல அது ஒரு வழி. மொம்பாசாவில் இதன் பழைய பெயர் ‘லேசோ’, போர்ச்சுக்கீசியர் கைக்குட்டைக்குச் சொன்ன பெயர், நம் பெரியவர்கள் சொல்லும் லேஞ்சியும் அதுதான். அப்படி வந்த கைக்குட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்ததில் பிறந்தது இந்த உடை என்பார்கள். படகுத்துறையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் முதுகில் ‘எல்லாவற்றையும் ஆண்டவனிடம் விட்டுவிட்டேன்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. முங்கு என்றுதான் எழுதியிருந்தது. அவர் எந்த மதம் என்று அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது.

இன்றைய சண்டை எதைப் பற்றி

சான்சிபாரில் ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். கென்யா முழுக்கப் பார்த்தால் 2019 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் சுமார் 11 சதவீதம், ஆனால் அதே நாட்டின் கடலோரத்தில் லாமு, குவாலே பக்கம் அவர்கள்தான் கூடுதல். கிலிஃபியில் கிறிஸ்தவர்கள் அதிகம். தான்சானியாவோ 1967க்குப் பிறகு கணக்கெடுப்பில் மதத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. எண்ணினால் சண்டை வரும் என்று எண்ணாமலே விட்ட நாடு அது, எனக்கு அந்த முடிவு மேல் மரியாதை உண்டு. அங்கே முதல் குடியரசுத் தலைவர் நைரேரே கத்தோலிக்கர், அடுத்தவர் முஸ்லிம், அதற்கடுத்தவர் கிறிஸ்தவர் என்று மாறி மாறியே வந்திருக்கிறார்கள், சட்டத்தில் எழுதாத வழக்கம். 2021இல் பதவிக்கு வந்த சாமியா சுலுஹு ஹசன் சான்சிபார் முஸ்லிம்.

கென்யாவில் காதி நீதிமன்றம், அதாவது இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் உண்டு. கரையோரத்தில் பத்து மைல் அகலத்துக்கு ஒரு பட்டை சான்சிபார் சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது, 1895 முதல் பிரிட்டிஷார் அதற்கு வாடகை கொடுத்து நிர்வகித்தார்கள். 1963இல் சுதந்திரம் வரும்போது காதி நீதிமன்றங்கள் தொடரும் என்ற உறுதியோடு அது கென்யாவில் சேர்ந்தது. 2010 அரசியல் சாசனத்திலும் இருக்கிறது. இருதரப்பும் முஸ்லிமாக இருந்து ஒப்புக்கொண்டால் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை மட்டும் அங்கே விசாரிக்கலாம். சாசன வாக்கெடுப்பின்போது பல சபைகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. எதற்கு ஒரு மதத்துக்கு மட்டும் என்று கேட்பவருக்கு அந்தப் பத்து மைல் கதை தெரியாவிட்டால் பதில் புரியாது.

ரத்தமும் சிந்தியிருக்கிறது. 2012இல் ஒரு முஸ்லிம் மதபோதகர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மொம்பாசாவில் கலவரம், தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2014 ஜூனில் லாமு மாவட்டத்து ம்பெக்கெட்டோனியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல் ஷபாப் பொறுப்பேற்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் மேட்டு நிலத்திலிருந்து 1970களில் அரசு குடியேற்றிய குடும்பங்களைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். இந்த இடத்தில் இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும்: ‘ப்வானி’ என்றால் கரை, ‘பாரா’ என்றால் உள்நாடு. துறைமுகத்திலும் ஓட்டல்களிலும் நல்ல வேலை பாராக்காரருக்குப் போகிறது, தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை என்பது கரைக்காரரின் பழைய மனக்குறை. ‘ப்வானி கென்யா இல்லை’ என்று முழக்கமிட்ட இயக்கத்தில் முஸ்லிம்களோடு முஸ்லிம் அல்லாத கரைக்காரர்களும் சேர்ந்தே இருந்தார்கள். பாராக்காரர் பெரும்பாலும் கிறிஸ்தவர், கரைக்காரரில் முஸ்லிம்கள் நிறைய என்பதால் நிலத் தகராறு மதத் தகராறாகப் பெயர் மாற்றிக்கொள்கிறது, மாற்றிவிட ஆட்களும் காத்திருக்கிறார்கள்.

இரண்டு மதத்துக்கும் முந்திய ஒன்றும் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. கரைக்குப் பின்னால் வாழும் மிஜிக்கெண்டா மக்கள், ஒன்பது குழுக்கள், ‘காயா’ என்னும் புனிதக் காடுகளை வைத்திருக்கிறார்கள். நம் கோவில்காடு மாதிரி, உள்ளே மரம் வெட்டக் கூடாது. இவர்களில் டிகோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கிரியாமா வீடுகளிலோ அப்பா காயாவை வணங்குவார், ஒரு மகன் சபைக்குப் போவான், ஒரு மகள் முஸ்லிமாகியிருப்பாள், இரவில் ஒரே சோளக்களியைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

அப்படி ஒரு கிரியாமாக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கல்யாணத்துக்குக் கிலிஃபி பக்கம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு ஆடு கட்டியிருந்தது. பந்தல், பாத்திரம் எல்லாம் தயார், ஆனால் யாரும் ஆட்டைத் தொடவில்லை. எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அஸர் தொழுது முடித்து வர வேண்டும் என்றார் மணப்பெண்ணின் அம்மா. அழைத்தவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர், அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் அவர்தான் அறுக்க வேண்டும், தன் கல்யாணத்துக்கும் இப்படித்தான் நடந்தது என்றார். கொஞ்ச நேரத்தில் தொப்பி போட்ட பெரியவர் வந்தார், கத்தியின் கூரை நகத்தில் வைத்துப் பார்த்தார், பிஸ்மில்லா சொல்லி வேலையை முடித்தார், பீப்பாய்த் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, பிலாவுக்கு ஏலக்காய் போதாது, வீட்டிலிருந்து கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பேரப்பிள்ளைகள் நாலு பேரோடு முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தார்.